விசில் அடிக்காத வீடு

இரண்டு வீடு தள்ளி குக்கர் விசில் அடிக்கிறது. பருப்பும் சீரகமும் வேகிற வாசம் பின்னாலேயே வருகிறது. அரிசிம்பருப்புச் சோறு. சூலூரில் எங்கள் தெருவில் எந்த மத்தியானமும் கேட்கிற விசில்தான். ஆனால் அந்த வீட்டிலிருந்து வந்தால் மட்டும் என் பேனா நின்றுவிடுகிறது. இதை எழுதுவதும் சரியா என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

அது அண்ணன் வீடு. உறவில்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். நூல் மில்லில் சேர்ந்த நாள் முதல் இரவு ஷிப்ட் பார்த்தவர். தெரு எழும்போது அவர் படுப்பார். போன வருடம் ஓய்வு பெற்றார், இப்போது இரவில்தான் தூக்கம். மில் கேன்டீனில் பாராட்டு விழா வைத்தார்கள். எனக்கு வாழ்த்துரை. கல்யாணம், காதுகுத்து, படத்திறப்பு என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் மைக் கட்டுகிற இடமெல்லாம் என்னைக் கூப்பிடுவார்கள், கவிதை எழுதுகிறவன் என்கிற ஒரே தப்புக்காக. அண்ணனுக்கு ஏற்புரை. வாழ்நாளில் மைக்கைத் தொடாதவர்.

விழாவுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் தன் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார்.

"ஏனுங் தம்பி, நானும் நாலு வார்த்தை பேசோணுமாம். மைக்கப் பாத்தாலே தொண்ட அடைச்சுக்குமுங்க எனக்கு."

"மேனேஜர்ல இருந்து வாட்ச்மேன் வரைக்கும் நன்றி சொல்லிட்டு இருக்காதீங்ணா. கேக்கறவங்க செல்போன எடுத்துருவாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க ஊட்டுல மட்டும் நடந்ததாச் சொல்லுங்க."

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தொட்டியிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"எங்க ஊட்டுல குக்கர் விசில் அடிச்சதே இல்லீங்க. சீர்ல வந்த குக்கர் அப்படியே பரண்ல கெடக்குது. பகல்ல நான் தூங்கோணும்னு என்ற ஊட்டுக்காரி இன்னிக்கு வரைக்கும் தெறந்த போசிப் பாத்திரத்துலதான் பருப்பு வேக வெக்கறா, அடுப்புப் பக்கத்துலயே நின்னுட்டு. நான் கவனிச்சேன்னு அவளுக்குத் தெரியாது. ஒரு நாளும் சொன்னதில்லீங்க. மைக்குல சொல்லிப்போட்டா, பொறவு நேர்ல சொல்ற சங்கட்டம் இல்ல பாருங்க."

இதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம் என்றேன். அதற்கப்புறம் சாயங்காலங்களில் தொட்டிக்கு முன்னால் நின்று பழகினார். சத்தம் வராது. உதடு அசைவது மட்டும் என் மாடியிலிருந்து தெரியும்.

விழா நாளில் அண்ணி முன்வரிசையில் இருந்தார். மில்லுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. புதுப் புடவையின் மடிப்புக் கலையாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு. எனக்கு முன் பேசியவர்கள் கூட்டத்தின் பொறுமையைத் தின்று முடித்திருந்தார்கள். உள்ளே வடை வேகிற வாசம். நான் பஞ்சு, நூல், இரவு, நிலவு என்று ஆரம்பித்தேன். பேச்சு எழும்பவில்லை. ஒரு தலை நிமிரவில்லை. பின்னால் யாரோ கொட்டாவி விட்டார்கள். கைதட்டலுக்குப் பழகிய வாய்க்கு அந்த மௌனம் தாங்காது. பசித்த மாடு மாதிரி, எதிரே பச்சையாக எது தெரிந்ததோ அதில் போய் வாய் வைத்தது.

"இவர் வீட்டில் குக்கர் விசில் அடித்ததே இல்லை," என்றேன்.

தலைகள் நிமிர்ந்தன. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மிச்சத்தை அண்ணன் சொல்வார் என்று சொல்லி இறங்கியிருந்தால்கூடப் போதும். நிறுத்தவில்லை. பரண், போசி, அடுப்பருகே கால்கடுக்க நின்ற மத்தியானங்கள், எல்லாவற்றையும் எடுத்தேன். மேலே கொஞ்சம் நிலவையும் தூவினேன். ஓரக்கண்ணில் அண்ணன் தெரிந்தார். அதுவரை தனக்குள் அசைந்துகொண்டிருந்த உதடுகள் நின்றுபோயிருந்தன. கைதட்டல் ஓயவில்லை. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். பார்த்தது என்னை.

அண்ணன் எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார்.

"தம்பி எல்லாஞ் சொல்லிப்போட்டாருங்க. இருந்து சாப்பிட்டுப் போங்க. நன்றிங்க."

சுருக்கமாக முடித்ததற்காக அதற்கும் தட்டினார்கள்.

ஓய்வு பெற்றவரை மாலையோடு காரில் வீட்டில் கொண்டுவந்து விடுவது மில் வழக்கம். நானும் கூட வந்தேன். மற்றவர்கள் காரோடு திரும்பிவிட, அண்ணி எனக்குக் காபி டம்ளரை நீட்டினார்.

"அதெப்படிங் தம்பி கண்டுபுடிச்சீங்க? இந்த மனுசனுக்கு ஊட்டுல குக்கர் இருக்கறதாச்சும் தெரியுமான்னு கேளுங்க."

"அது அண்ணன் சொன்னதுங் அண்ணி. அவரு பேசறதுக்கு வெச்சிருந்தாரு. நாந்தான் எடுத்துப் பேசிப்போட்டேன்."

அண்ணி சிரித்தார். "பெருந்தன்மைக்கும் ஒரு அளவு வேண்டாங்களா? இவராவது, கவனிக்கறதாவது." சிரிப்பு பாதியில் நின்றது. கணவர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, நீங்களா சொன்னீங்க?"

அண்ணன் மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் காபி குடித்துக்கொண்டிருக்கிறவனை அவன் முகத்துக்கு முன்னால் திருடனாக்க அவருக்கு வரவில்லை.

"தம்பி சும்மா சொல்றாரு. நீ போயி சீலைய மாத்து, கசங்குது."

அண்ணி தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார்.

டம்ளரைப் பாதியோடு கீழே வைத்தேன். செருப்பை மாட்டினேன். அத்தனை மேடைகளில் சொல் தேடி நின்றதில்லை. அந்த வாசலில் "வாரேங்ணா" என்பதற்கு மேல் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அண்ணன் கேட் வரைக்கும் கூடவே வந்தார். உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேற விசேஷத்துல இதையப் பேசிப்போடாதீங் தம்பி. இது ஒண்ணுதானுங்க என்றகிட்ட இருந்துச்சு. போயிட்டு வாங்க."