பெரிய ஊசிக்கு ஏற்ற நூல்

போன வருஷம் ஸ்கூட்டியிலிருந்து விழுந்ததில் என் வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் சரியாக மடங்கவில்லை. போர்டில் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் சாக்பீஸ் நழுவிவிடும்.

"கைக்கு ஏதாவது வேலை கொடுங்க டீச்சர். சும்மா வச்சிருந்தா விறைச்சுப் போகும்" என்றார் கே.கே. நகரில் எனக்குப் பிசியோதெரபி செய்தவர்.

என் அண்ணன் மனைவி ஸ்வெட்டர் பின்னுவதில் கெட்டிக்காரர். பசுமலையில் இருக்கிறார். மதினியின் மெல்லிய கம்பி ஊசிகள் என் கையில் நிற்கவே இல்லை. அடுத்த வாரம் ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், ஆன்லைனில் வாங்கிய இரண்டு மர ஊசிகளைப் பையிலிருந்து எடுத்தார். ஒவ்வொன்றும் என் கட்டைவிரலைவிடத் தடி. பிடித்துப் பார்த்தேன். நழுவவில்லை. அதற்கே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மதினியிடம் இருந்த ஸ்வெட்டர் நூலிலேயே பத்துக் கண்ணி போட்டு, ஆறு வரிசை பின்னினேன். தூக்கிப் பார்த்தால் ஒரே ஓட்டை.

"கண்மாய்க்குக் கொண்டுபோனாலும் கெண்டை தப்பிச்சிரும்" என்றார் என் கணவர்.

"எனக்கும் இம்புட்டுப் பெரிய ஊசி புதுசுதான்" என்றார் மதினி. "நூலைக் கூட்டிப் பாப்போம்."

இரண்டு இழை சேர்த்தோம், தொளதொளவென்று இருந்தது. நான்கு சேர்த்தோம், ஊசி மூன்றை மட்டும் எடுத்து ஒன்றை விட்டுவிட்டு வந்தது. அதற்குள் சித்திரை வெயிலில் மடியெல்லாம் வியர்த்து, கம்பளி நூலே வேண்டாம் என்று முடிவானது.

மறுநாள் என் கணவர் பருத்திக் கயிறு வாங்கி வந்தார். முதல் வரிசை ஏறியது. இரண்டாவதில் கண்ணிக்குள் ஊசியை நுழைக்க இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது. பின்னிய துண்டு பலகை மாதிரி விறைப்பாக நின்றது.

"ரொம்பத் தடிச்சாலும் ஆகாது போல" என்றேன்.

பனியன் துணியை நீளமாகக் கிழித்துச் சுற்றி விற்கும் நாடா உருண்டையைக் கண்டுபிடித்ததும் என் கணவர்தான். ஜவுளிக் கழிவுக் கடையில் மஞ்சளில் ஒரு சாக்கு நிறைய உருண்டைகள் கிடைத்தன. மதினி அந்த நாடாவை இரண்டாக மடித்து, ஊசியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே தடிமன்.

"இதைப் போடு."

போட்டேன். கண்ணிகள் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்தன, ஆனால் நெருக்கவில்லை. நாடா இழுத்த பக்கம் இசைந்து கொடுத்தது. ஒரே மதியத்தில் முழ நீளம் வளர்ந்துவிட்டது. இரவு உணவுக்கு இட்லி போதும் என்று சொல்லிவிட்டு இன்னும் நான்கு வரிசை பின்னினேன்.

பத்தாவது நாள், ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு விரிப்பே தயார். ஓரம் கொஞ்சம் கோணல்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, கறிச்சோறு சாப்பிட்டதும் என் கணவர் அதை ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே விரித்துப் படுத்தார்.

"மெத்தையெல்லாம் எதுக்குங்க இனிமே?" என்று கேட்டேன்.

அதற்குள் தூங்கிவிட்டிருந்தார். மதினி சத்தம் வராமல் அடுத்த உருண்டையை என் பக்கம் உருட்டிவிட்டார்.