ஜமீன் கதையும் வீட்டுச் சேலையும்

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி வில்லாபுரம் வந்தேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. அந்த முதல் வருடம் என் உயிரை வாங்கியது ஒரு ஜமீன் கதை. பத்திரிகையில் வாராவாரம் வந்ததைக் கிழித்துச் சேர்த்து யாரோ பைண்டு செய்திருந்தார்கள். சிம்மக்கல்லில் ஒரு வாடகை நூல் நிலையத்தில் எடுத்தேன். பூட்டிய அறைக்குள் செத்துக்கிடந்த ராணியைக் கொன்றது யார் என்பதுதான் கதை. எழுதியவருக்கோ அவசரமே கிடையாது. அறைச் சாவி கிடைக்கவே பதினெட்டு வாரம். சாவி கைக்கு வந்ததும் "தொடரும்", பக்கத்தில் கூந்தல் தைல விளம்பரம். எரிச்சலில் மூடிவைப்பேன். சோறு வடித்துவிட்டு வந்து மறுபடி திறப்பேன். அப்படியொரு ருசி அதில்.

தை மாதம் வீட்டுச் சாமி கும்பிட்டார்கள். சாமி என்றால், அந்த வீட்டில் வாழ்ந்து அற்பாயுசில் இறந்த ஒரு பெண். அவளுக்குப் புதுச் சேலை வைத்துப் படைப்பார்கள். படைத்த சேலையை மருமகள் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டப்போகிறவளுக்கு அது யாருடைய சேலை என்று தெரிய வேண்டாமா? கணவரைக் கேட்டால் அம்மாவைக் கேள் என்றார். மாமனார் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். நாத்தனார்கள் இரண்டு பேரும் "சாமி" என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. பதினெட்டு வாரம் சாவி தேடியவளை இந்த மழுப்பலெல்லாம் ஏய்க்குமா?

படையலன்று மாமியார் வடை தட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சாமி மாமனாரின் மூத்த தாரமா, எப்படிச் செத்தாள் என்று நேராகவே கேட்டுவிட்டேன். தட்டிய வடையை எண்ணெயில் போட்டார்.

"அந்த ராணியக் கொன்னது அரமனை வைத்தியருதேன்" என்றார். "நீ பள்ளிக்கூடம் போன பொறவு நானும் படிச்சேன். இம்புட்டுத் தெரிஞ்சாப் போதும். போயிச் சேலையக் கட்டு."

கேட்டதற்குப் பதில் இல்லை. கேட்காததைச் சொல்லி, பாக்கியிருந்த பதினோரு வாரத்தையும் பாழாக்கிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சேலையைக் கட்டும்போதே அழுகை முட்டியது. படையல் முன் வந்து நின்றதும் உடம்பு நடுங்க, வாய்விட்டு அழுதுவிட்டேன்.

சாமி இறங்கிவிட்டது என்று நாத்தனார்கள் என் காலில் விழுந்தார்கள். கணவரும் விழுந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து என் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டார்.

"என்னய மன்னிச்சிரு தாயி" என்றார்.

மாமியார் திருநீற்றுத் தட்டை என் கையில் கொடுத்தார். மாமனாரின் நெற்றியில் பூசிவிட்டேன். எதற்காக மன்னிக்க வேண்டும் என்பதை மட்டும் அவரும் சொல்லவில்லை.