டிக்கெட் எடுக்காத போர்த்துகல் பயணம்

போர்த்துகலில் பல அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை திறக்காது. லிஸ்பனிலிருந்து போர்த்தோவுக்குப் போகும் விரைவு ரயிலில் முன்கூட்டியே பதிவு செய்தால் விலை நன்றாகக் குறையும். அந்நாட்டு ரயில்வேயின் சொந்தத் தளத்தில்தான் வாங்க வேண்டும். தேடினால் முதலில் வந்து நிற்கிற தளம் தரகருடையது, அதைத் தாண்டிக் கீழே போகவேண்டும். போர்த்தோவிலிருந்து ஆற்றோரமாகப் போகும் ரயிலில் வலப்பக்கச் சன்னல் கிடைத்தால்தான் ஆறு தெரியும். இதையெல்லாம் மலேசியாவில், கெடா மாநிலத்துப் புக்கிட் செலம்பாவில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

போர்த்துகலுக்கு நான் போனதில்லை. போகிற எண்ணமும் அப்போது இல்லை. சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. டிப்ளோமா வாங்கிய கையோடு சேர்ந்தது. நாள் முழுக்கக் கண்ணாடி அறைக்குள் ஒரே மாதிரியான பொருளை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு வேறு ஏதாவது பார்க்க வேண்டாமா? அப்படித்தான் அந்தத் தளங்களுக்குள் விழுந்தேன்.

ஒரு தளம் இருக்கிறது, எந்த இரண்டு ஊரின் பெயரைக் கொடுத்தாலும் ரயில், பேருந்து, படகு என்று எல்லா வழியையும் பிரித்துப் போட்டுவிடும். இன்னொன்றில் ஒவ்வொரு மாதமும் எந்த ஊரில் எவ்வளவு மழை பெய்யும் என்று பார்க்கலாம். ரயில் பைத்தியம் பிடித்த யாரோ ஒருவர் இருக்கையிலிருந்து சன்னல் வரைக்கும் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். அவருக்கு நான் கோயில் கட்டுவேன். பயணிகள் கூடிச் சண்டை போடும் ஒரு மன்றம் உண்டு. எந்த விடுதியில் மூட்டைப்பூச்சி, எந்த அரண்மனைக்குக் காலையிலேயே போய் நின்றுவிட வேண்டும், எந்தத் தெருவில் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், எல்லாம் அங்கே கிடைக்கும். வரைபடத் தளத்தில் தெருவுக்குள்ளேயே இறங்கி நடக்கலாம். நான் நடந்தேன். அரண்மனைக்குப் பச்சைக் கொடி, சாப்பாட்டுக் கடைக்கு மஞ்சள் நட்சத்திரம். கொடி குத்திக் குத்தி லிஸ்பன் தெரியாமல் போய்விட்டது.

இந்தத் தளங்களுக்கு ஒரு பழக்கம். தேதி கொடுக்காமல் எதுவும் வாய் திறக்காது. எப்போது வருகிறாய், எப்போது போகிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் விலையைச் சொல்லும். அதனால் ஒரு தேதி வைத்துக்கொண்டேன். நவம்பர், தீபாவளி முடிந்த கையோடு. அப்போது கூட்டம் குறைவு, விலையும் குறைவு.

ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்து அந்தத் தெருக்களைப் பெரிதாகப் போடுவேன். அப்பாவும் அம்மாவும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அப்பா எங்கள் தொழிற்சாலைப் பேருந்தின் ஓட்டுநர். புக்கிட் செலம்பாவில் கிளம்பி, வழியில் இருக்கிற தாமான் குடியிருப்புகளில் எல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு சுங்கை பட்டாணி போவார். நானும் அதே பேருந்தில்தான் வேலைக்குப் போகிறேன்.

"என்னாடா இது, இந்த மேட்டுல ரயிலு ஏறுது?"

"ட்ராம்பா."

"எறங்கறப்ப பிரேக்கு புடிக்குமா?"

"ரொம்ப வருசமா புடிக்குதுப்பா."

"அப்ப ஓட்றவன் கெட்டிக்காரன்லா," என்றார் அப்பா, அந்த முகம் தெரியாத ஆளுக்கு மரியாதையாக.

அம்மாவுக்கு வேறு கவலை. "துணிய சன்னலுக்கு வெளியே காயப்போட்டிருக்காங்க பாரு, நம்ம தோட்டத்து லயத்துல போட்ட மாதிரி. மழை வந்தா யாரு எடுப்பா?"

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அப்பா கேட்டார். "எப்படா போற?"

"நவம்பர்ப்பா. தீபாவளி முடிஞ்சதும்."

தளத்துக்குக் கொடுத்த தேதி, வாயில் தயாராக இருந்தது. வந்துவிட்டது.

எங்கள் பக்கத்து ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். பத்துமலைக்குப் போவதானாலும் கோலா கெத்திலில் கல்யாணத்துக்குப் போவதானாலும், முதலில் லீவு சொல்வார்கள், வேன் பேசுவார்கள், யார் யார் வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். கண் பட்டுவிடும் என்று அதுவரை மூச்சு விட மாட்டார்கள். தேதியைக் கடைசியில்தான் வெளியே சொல்வது. தேதி சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். இது எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வடை விற்கிற அக்காதான் முதலில் கேட்டார். "என்னா தம்பி, போர்ச்சுகலுக்குப் போறியாமே? ஒங்கப்பா பஸ்ஸு பூரா சொல்லிக்கிட்டு வராரு."

எண்ணெய்ச் சட்டியில் வடையைத் திருப்பிக்கொண்டே அவர் தொடர்ந்தார்.

"மலாக்காவ புடிச்சவன் ஊருதானே அது? பீரங்கிய இங்கயே போட்டுட்டுப் போயிட்டான்னு சொல்லு. வந்து தூக்கிட்டுப் போவச் சொல்லு."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "சொல்றேங்கா," என்றேன். இல்லை, நான் போகவில்லை என்று சொல்ல அங்கே இடம் இருந்தது. சொல்லவில்லை. கூட இரண்டு வடை போட்டுக் கொடுத்தார், ஊர் மானத்தைக் காப்பாற்றப் போகிறவனுக்கு. வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், நன்றாக இருந்தது, அந்த இரண்டு நிமிடப் பெருமை.

அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் அவர் பழைய துணி விற்கிற பண்டல் கடையிலிருந்து ஒரு குளிர்ச்சட்டை வாங்கி வைத்திருந்தார். பனிமலையில் ஏறுகிறவர்கள் போடுகிற மாதிரி, மெத்தை கனம். "போட்டுப் பாரு," என்றார். போட்டேன். கெடா வெயிலில் வியர்த்துக் கொட்டியது. அவர் தோள்பட்டையை இழுத்துச் சரிசெய்து, ஓரடி பின்னால் போய்ப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். தள்ளிக்கொண்டே இருந்தேன்.

தீபாவளி முடிந்த வெள்ளிக்கிழமை, பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலில் என் பெயரில் அர்ச்சனை என்றார்கள். வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்களுக்கு அங்கே பூசை செய்து, கோயில் தலைவர் துண்டு போர்த்தி அனுப்புவது வழக்கம். போனால் பேருந்தில் வருகிற ஆட்களில் பாதிப்பேர் குடும்பத்தோடு நின்றார்கள். ஒலிபெருக்கியெல்லாம் வைத்திருந்தார்கள்.

கால் கழுவும் குழாயடியில்தான் அப்பாவிடம் சொன்னேன். அதற்கு மேல் தள்ள இடமில்லை.

"அப்பா, டிக்கெட்டு எடுக்கலப்பா."

"இப்ப என்னா, நாளைக்கு எடு."

"இல்லப்பா. நான் போகவே போகல. சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன்."

"தேதி சொன்னியே?"

"அது வெப்சைட்டுல கேட்டதுப்பா."

அவர் கழுவின காலையே மறுபடியும் கழுவினார். குழாயை மூடிவிட்டு உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன்.

பூசை முடிந்து தலைவர் ஒலிவாங்கியை எடுத்து என்னைக் கூப்பிட வாயைத் திறந்தார். அதற்குள் அப்பா அதை வாங்கிக்கொண்டார். ஒலிவாங்கி பிடித்துப் பழக்கமில்லாத கை. "எல்லாரும் மன்னிக்கணும். பையனுக்குக் கம்பெனியில கடைசி நேரத்துல லீவு இல்லன்னுட்டாங்க. இன்னொரு தடவ போவான்," என்றார்.

அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பேருந்து தாமதமானால்கூடத் தூங்கிவிட்டேன் என்று மேலாளரிடமே சொல்லிவிடுகிறவர்.

கூட்டம் என் பக்கம் சாய்ந்தது. அடப்பாவமே என்றார்கள். வாங்கிய துண்டை வீணாக்க வேண்டாம் என்று தலைவர் என் தோளில் போர்த்தியே விட்டார். அப்போதுதான் யாரோ திரும்பிப் பார்த்தார்கள், எங்கள் தொழிற்சாலை அலுவலகத்தில் லீவு விண்ணப்பங்களைக் கவனிக்கிற அக்கா நின்றிருந்த பக்கம். அவரும் அந்தப் பேருந்தில்தான் வருகிறவர். எல்லாருடைய லீவும் அவர் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

"ஏம்மா, நீதானே லீவு பாக்கறது? நம்ம புள்ளைக்கு ஒரு பத்து நாளு குடுத்தா கொறைஞ்சா போயிடும்?"

"நம்ம ஆளே நம்ம ஆளுக்குச் செய்யலன்னா எப்படி?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் லீவே கேட்கவில்லை என்பது அந்தக் கோயிலில் அவருக்கும் எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும். நான் வாயைத் திறந்தால் அப்பா பொய்யர். திறக்காவிட்டால் அக்கா கல்நெஞ்சுக்காரி. அவர் அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "வேலை அதிகங்க, மேல ஒத்துக்கல," என்றார் மெல்ல. நான் தோளில் துண்டோடு நின்றேன்.

வெளியே செருப்பு போடும் இடத்தில் அவரிடம் போனேன். "அக்கா, ரொம்ப…"

"ஒங்கப்பா மூஞ்சிக்காக விட்டேன். ஒனக்காக இல்ல," என்றார். மோட்டார் சைக்கிளில் காத்திருந்த கணவரின் பின்னால் ஏறிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினேன். அக்கா அடுத்த தாமானில் ஏறி எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார். பின்னாலிருந்து இயந்திரப் பிரிவு அண்ணன் ஒருவர் ஆரம்பித்தார்.

"மேடம் வந்துட்டாங்க. மேடம், எம் பேத்திக்குக் காது குத்து வருது. லீவு உண்டா, இல்ல நம்ம தம்பிக்கு விரிச்ச மாதிரி கைய விரிச்சுடுவீங்களா?"

சிரிப்பு. அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பேசாதீங்கலா, அப்புறம் ஒங்க சம்பளத்துல கைய வச்சுடப் போறாங்க," என்றது இன்னொரு குரல். மறுபடியும் சிரிப்பு.

வாக்கியம் தொண்டைவரை வந்துவிட்டது. அதற்குள் பேருந்து ஓரமாக ஒதுங்கி நின்றது. அங்கே நிறுத்தம் கிடையாது. அப்பா இயந்திரத்தையே அணைத்துவிட்டு எழுந்து எங்கள் பக்கம் திரும்பினார்.

"லீவு குடுக்கலன்னு சொன்னது நான். அது பொய்யி. எம் மவன் லீவே கேக்கல, டிக்கெட்டும் எடுக்கல. போறான் போறான்னு ஒங்க எல்லார்கிட்டயும் சொன்னது என் வாயி. அந்தப் பொண்ண யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

பின்னாலிருந்த அண்ணன்தான் கடைசியில், "விடுண்ணே, தெரியாம பேசிட்டேன். நேரமாவுது, பஸ்ஸ எடு," என்றார்.

அப்பா திரும்பி உட்கார்ந்து இயந்திரத்தைக் கிளப்பினார். பழியை மொத்தமாகத் தன்மேல் போட்டுக்கொண்டார். தேதி சொன்னது யார் என்பதை அவர் சொல்லவே இல்லை.

"தேதி சொன்னது நான்தான்," என்றேன். பேருந்து கிளம்புகிற இரைச்சலில் அது பக்கத்து இருக்கைக்குக்கூடப் போயிருக்காது. முன்னாலிருந்த அக்காவுக்கு மட்டும் கேட்டிருக்கிறது. திரும்பினார்.

"எங்கிட்ட ஏன் சொல்ற? அங்க போய் சொல்லு."

எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். எல்லாருடைய கண்ணும் என் முதுகில் இருப்பது தெரிந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் நின்று, பேருந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். தேதியை நான்தான் சொன்னேன், போகப்போவதில்லை என்று தெரிந்தும் நான்தான் சும்மா இருந்தேன், வெள்ளிக்கிழமை துண்டு வாங்கும்போதும் சும்மா இருந்தேன் என்று.

அப்பா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போய் ஒக்காரு," என்றார். "வளைவு வருது, விழுந்துடப் போற."

திரும்பி அந்த முகங்களைத் தாண்டி என் இடத்துக்கு நடக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தொழிற்சாலை வாசல் வரைக்கும் அங்கேயே நின்றுகொண்டு போனேன்.