சூடத்துக்குப் பயந்த மருந்து

சென்ற செவ்வாய்க்கிழமை ஈப்போவில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில், நுரைக்க இழுத்து ஆற்றும் தே தாரிக்குக்காகக் காத்திருந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டு துண்டறிக்கை. ‘கெலாய்டு தழும்புகளுக்கு ஹோமியோபதி: பாதுகாப்பான துணை சிகிச்சை’ என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது.

“யாருண்ணே இத வச்சது?” என்று கடைக்காரரைக் கேட்டேன்.

“யாரோ வச்சிட்டுப் போனாங்க. வேணும்னா எடுத்துக்குங்க. மேசை தொடைக்க நல்லாருக்குலா.”

அந்தத் தாளுக்கு அதைவிட நல்ல உபயோகம் எனக்கும் தோன்றவில்லை. ஆனால் ‘துணை’ என்ற அந்தச் சொல் தேநீரைக் கசக்க வைத்துவிட்டது.

கெலாய்டு என்பது காயம் ஆறிய பிறகும் வேலையை நிறுத்தத் தெரியாத தோல். ஆறிய இடத்தில் மேலும் மேலும் சதை போட்டுக்கொண்டே இருக்கும். என் அக்காவுக்கு அது இடது காது மடலில் வந்தது. கோலா கங்சார் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டார்கள். நாங்கள் ஈப்போவில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அக்காவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. வேலை நிரந்தரமான மாதம் இரண்டு காதிலும் இன்னொரு துளை போட்டுக்கொண்டாள். என் டைரிப்படி அது வெள்ளிக்கிழமை மாலை, தூறல். வலது காது ஆறியது. இடது காதில் கடலைப் பருப்பளவு ஒரு தடிப்பு எழுந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு முறை தடிப்புக்குள்ளேயே ஊசி போட்டார்கள். அவள் கத்தியது வராந்தாவில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. ஆனால் இரண்டு ஊசியில் தடிப்பு இளகியது. இதையும் டைரியில் எழுதியிருக்கிறேன். எழுதியவனே படிக்காமல் போனதுதான் இந்தக் கதை.

அந்த நேரத்தில்தான் டிரஸர் வந்து சேர்ந்தார். எஸ்டேட் மருந்தகத்தை நடத்துகிறவரை நாங்கள் டிரஸர் என்போம். காய்ச்சல், வயிற்றுவலி, மனக்கவலை எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்புத் தண்ணீரைக் கொடுத்தவர். அவர் ‘சீக்கு இல்ல’ என்றால் சீக்கு இல்லை. விடிந்ததும் மரம் சீவப் போக வேண்டும். ஓய்வு பெற்றதும் தபாலில் ஹோமியோபதி படித்து, சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, ஒரு கடைக்கு மேல்மாடியில் அறை எடுத்திருந்தார். எஸ்டேட் கலைந்து ஆறு வருடமாகியும் எங்கள் சனங்கள் அந்த மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்கள். நானும் கழற்றினேன்.

அவர் காதைப் பார்ப்பதற்கு முன்னால் கனவைக் கேட்டார்.

“கனவுல தண்ணி வருமாம்மா?”

“எங்க வீட்டுப் பைப்புலயே வரல டிரஸரய்யா, கனவுலயா வரப்போவுது?” என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார். வெள்ளைச் சீனி உருண்டைகளை ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்து, “ஆஸ்பத்திரி ஊசிய நிறுத்த வேணாம்லா. இது சும்மா துணைக்குத்தான்” என்றார்.

அந்தப் பேச்சின் சாமர்த்தியம் புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. ஊசி குத்தும்; உருண்டை இனிக்கும். ஊசிக்கு ஒரு நாள் லீவு போட்டு வரிசையில் நிற்க வேண்டும். உருண்டையைத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே வாயில் போட்டுக்கொள்ளலாம். ஒரு மாதம் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. துணைக்கு வந்தது வீட்டுக்காரராகிவிட்டது.

நான் அவளைத் தடுக்கவில்லை என்பது பாதி உண்மை. டிரஸரின் அலமாரியிலிருந்து ஓர் ஆங்கிலப் புத்தகத்தை இரவல் வாங்கி, இரண்டு மாலை உட்கார்ந்து அவளுக்கு விளக்கியவன் நான். மருந்தைத் தண்ணீரில் கரைத்து, அதில் ஒரு துளியை எடுத்து மறுபடி கரைத்து, மறுபடி மறுபடி கரைத்தால் வீரியம் கூடும் என்றேன்.

“அப்ப மருந்தே இல்லாத மருந்துன்னு சொல்லு” என்றாள்.

அவளுடைய அறியாமையைப் பார்த்து நான் சிரித்தேன். ஹார்டுவேர் கடையில் ஸ்டோர் கிளார்க் நான், பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுகிறவன், வாரம் மூன்று நூலகப் புத்தகம் படிக்கிறவன். கையுறைக்காரி ஒரே வரியில் கண்டுகொண்டது எனக்குத் தெரியவில்லை.

கடையின் வெர்னியர் அளவியை வீட்டுக்குக் கொண்டுவந்து மாதாமாதம் தடிப்பை அளந்தேன். ஒன்பது மில்லிமீட்டர். பதினொன்று. பதினாலு. ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ‘நல்ல மாற்றம்’ என்று என் கையெழுத்து. “உள்ள இருக்கறது வெளிய வருது, வரட்டும்” என்று டிரஸர் சொல்லியிருந்தார். வளர்ந்தால் குணம், வளராவிட்டாலும் குணம். இப்படி ஒரு தொழில் எனக்கு அமையாமல் போயிற்று.

பதினேழைத் தொட்டபோது அவரே கொஞ்சம் யோசித்தார்.

“வீட்ல சூடம் கொளுத்துறீங்களா?”

சூட வாசனை மருந்தை முறித்துவிடுமாம். காப்பியும் தைலமும்கூட. தமிழர் வீட்டில் சூடத்தைத் தேடிக் கண்டுபிடித்த அந்தத் துப்பறியும் மூளையை என்னென்று சொல்ல! அக்கா சாமி படத்துக்கு முன்னால் சூடத்தை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். அதுவும் போதாமல், வாசலில் தினமும் சூடம் காட்டும் பக்கத்து வீட்டு பாக்கியம் அக்காவிடம் கெஞ்சப் போனாள். நானும் உடன் போய், கற்பூரத்தின் குணங்களைப் பற்றிச் சின்னதாக ஒரு சொற்பொழிவு செய்தேன்.

பாக்கியம் அக்கா தட்டைக் கீழே வைக்காமலே கேட்டார். “ஏன் தம்பி, அவ்வளவு பெரிய மருந்துன்னா ஏன் என் சூடத்துக்குப் பயப்படுது?”

பதில் சொல்ல வாய் திறந்தேன். என்ன சொன்னேன் என்று டைரியில் இல்லை. பதிவு செய்யத் தகுதியில்லாததை எப்படியோ விட்டிருக்கிறேன்.

பதினோரு மாதம் கழித்து, தூங்கவிடாத அரிப்பினால்தான் அக்கா ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். தடிப்பு மடலை முழுவதும் விழுங்கி, சின்ன உருளைக்கிழங்குபோல் தொங்கியது. மலாய் டாக்டரம்மா பழைய அட்டையைப் புரட்டிப் பார்த்து, “கெனாப்பா லாமா தாக் டாத்தாங்?” என்றார். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கோபமில்லாமல்தான் கேட்டார். சிறியதாக இருந்தபோது ஊசியே போதுமாக இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த டெங்கி அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன்.

வெட்டி எடுத்தார்கள். அதோடு மடலின் கீழ்ப்பாதியும் போனது. மறுபடி வளராமலிருக்க, அவள் தப்பித்து ஓடிய அதே ஊசியை மாதக்கணக்கில் போட்டார்கள்.

டிரஸர் இறந்து பல வருடம் ஆகிறது. அந்த மேல்மாடியில் இப்போது நகத்துக்குச் சித்திரம் வரைகிறார்கள். அங்கே நகம் அழகாகிவிடுகிறது என்பது ஒரு முன்னேற்றம். எஸ்டேட் இருந்த இடத்தில் வீட்டு வரிசைகள். இவற்றுக்காக நான் பெருமூச்சு விடப்போவதில்லை.

ஒருமுறை அக்காவிடம் கேட்டேன், டிரஸர் மேல் கோபமில்லையா என்று.

“அவரு என்னாடா பண்ணுவாரு. நீதான படிச்சவன்” என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

அதற்கு முன்பெல்லாம் வீட்டுக்கு ஆங்கிலத்தில் எந்தத் தாள் வந்தாலும், தண்ணீர் பில்லோ தொழிற்சாலைக் கடிதமோ, “தம்பி, என்னா போட்டிருக்கு, பாரு” என்று என்னிடம்தான் நீட்டுவாள். இப்போது, படித்து வளர்ந்துவிட்ட தன் மகளிடம் கொடுக்கிறாள். மகள் வீட்டில் இல்லாத நாளில் தாளை மடித்துச் சமையலறை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, அவள் வரும்வரை காத்திருக்கிறாள். நான் எதிரேதான் உட்கார்ந்திருப்பேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு.