விளம்பரம் இல்லாத வீடு

கட்டிங் மாஸ்டர் வீட்டுக்கு டிவி பார்க்கப் போனால் ஒரு சங்கடம் உண்டு. நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்க முடியாது. விளம்பரம் என்று ஒன்று வந்தால்தானே? அரை மணி நேரத் தொடர் பத்தொன்பது நிமிடத்தில் முடிந்துவிடும். "நம்ம வீட்ல எல்லாம் ஒரே மூச்சுதான்" என்று மாஸ்டர் வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். வந்தவர்கள் தொண்டை காய்ந்துபோய் வீடு திரும்புவார்கள்.

சட்டை தைக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகத் துணி வெட்டுகிறவர் அவர். அறுபது மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மிஷினை உள்ளே விட்டாரென்றால் மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் நூலிழை வித்தியாசம் இருக்காது. கழிவுத் துணி அள்ள வருகிற ஆள் அவர் மேசைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டான். கை துடைக்கக்கூட அங்கே ஒரு துண்டு மிஞ்சாது.

அப்படிப்பட்ட கையில் ஒரு டிவிடி ரெக்கார்டர் வந்து சேர்ந்தது. உள்ளேயே ஹார்ட் டிஸ்க் வைத்த தட்டையான கறுப்புப் பெட்டி. நேரம் குறித்துக் கொடுத்தால் டிவியில் வருவதைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். வேண்டாததை வெட்டி எறிந்துவிட்டு, வேண்டியதை டிவிடியில் ஏற்றிக்கொள்ளலாம். கடைக்காரர் அரை மணி நேரம் மூச்சு முட்ட விளக்கினார். மாஸ்டர் காதில் விழுந்தது ‘வெட்டலாம்’ என்ற ஒரு சொல்தான்.

வாங்கியது என்னவோ மனைவிக்காக. அவள் இரண்டு தெரு தள்ளி ஒரு மெத்தைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறாள். எட்டரை மணித் தொடர் என்றால் அவளுக்கு உயிர். கடை மூட ஒன்பதாகிவிடும். மாஸ்டருக்கோ மதியம் இரண்டு முதல் பத்து வரை ஷிஃப்ட். ஆளில்லாத வீட்டில் பெட்டி தன்பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டிருக்கும். மறுநாள் காலை டீயும் கையுமாக உட்கார்ந்து மாஸ்டர் வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆறு நாள் கதையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். மாதம் முடிந்ததும் எல்லாம் டிவிடிக்குப் போகும். தொடரைப் பார்த்து அவள் மூக்கை உறிஞ்சுவாள். அவர் வெட்டிய இடம் எங்கேயாவது தெரிகிறதா என்று உற்றுப் பார்ப்பார். தெரியாது. அவருக்கு அதுதான் கிளைமாக்ஸ்.

வெட்டுவதில் அவருக்கு ஒரு வழி இருந்தது. தொடர் ஓடும்போது திரையின் மேல் மூலையில் சேனலின் சின்னம் தெரியும். விளம்பரம் வந்ததும் மறைந்துவிடும். மாஸ்டர் வேகமாக ஓடவிட்டு அந்த மூலையை மட்டும் பார்ப்பார். சின்னம் போனதும் ஒரு அழுத்து, வந்ததும் ஒரு அழுத்து, வேலை முடிந்தது. நடுவில் ஓடியது சோப்பா சிமெண்டா என்று கேட்டால் முழிப்பார்.

போன மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, மனைவி தலைவாரிக்கொண்டே அவர் பின்னால் வந்து நின்றாள்.

"என்ன, வெட்டிட்டீங்களா?"

"ஆச்சு. ஏழே நிமிஷம்."

"ஒண்ணும் சொல்லலையே?"

"என்ன சொல்றது? சுத்தமா எடுத்துட்டேன்."

முதல் வாரம் சிரித்துக்கொண்டே கேட்டாள். இரண்டாம் வாரம் சிரிக்காமல் கேட்டாள். மூன்றாம் வாரம் கேட்கவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மாஸ்டர் சத்தத்தைக் குறைத்து வைத்துத் தனியாகப் பார்த்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் மண்டையில் எதுவும் சட்டென்று ஏறாது.

மாதம் முடிந்து நாலு நாள் கழித்து, கம்பெனிக்குப் போகிற வழியில் டீக்கடைக்காரர்தான் அதை ஏற்றிவைத்தார்.

"என்ன மாஸ்டர், வீட்டம்மாவை டிவில காணோம்? நிறுத்திட்டாங்களா?"

"யாரை?"

"அட, மெத்தைக் கடை விளம்பரம்! போன மாசம் பூரா எட்டரைத் தொடருக்கு நடுநடுவுல வந்தாங்களே. என்னமா பேசுனாங்க! இங்க டீ குடிக்கிறதை விட்டுட்டுப் பாத்தாங்க எல்லாரும். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும், தெரியும்" என்றார் மாஸ்டர். டீ பாதியிலேயே நின்றது.

நாளுக்கு மூன்று இடைவேளை, இருபத்து நாலு நாள். எழுபத்திரண்டு தடவை கட்டின மனைவியை அவர் வெட்டி எறிந்திருக்கிறார். அதுவும் அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அவள் முகம் திரையில் ஓடியிருக்கிறது, இவர் பட்டனை அழுத்தியிருக்கிறார். அவள் என்ன நினைத்திருப்பாள் என்று மாஸ்டர் அப்போதுதான் யோசித்தார்.

மறுநாள் லீவு போட்டார். மனைவி கடைக்குக் கிளம்பியதும், அந்த விளம்பரம் கிடைக்குமா என்று கேட்க, அதை ஓட்டிய கேபிள் ஆபீசுக்கு ஓடினார். "புதுசு வரப்போகுது மாஸ்டர், பழசை அழிச்சாச்சு" என்றார்கள். மெத்தைக் கடை முதலாளிக்குப் போன் போட்டார். "என்கிட்ட ஏது? கேபிள்காரங்ககிட்டதான் குடுத்தேன்" என்றார் அவர். மிச்சம் இருந்தது கறுப்புப் பெட்டி ஒன்றுதான். நல்லவேளை, அந்த மாதத்தை இன்னும் டிவிடியில் ஏற்றியிருக்கவில்லை.

தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு நாளாகத் திறந்தார். எல்லாம் கச்சிதம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் காய்ச்சலில் விழுந்து வெட்டாமல் விட்டிருக்கக் கூடாதா! வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் கைச்சுத்தத்தைத் தானே திட்டிக்கொண்டார். ஆனால் பெட்டிக்கு ஒரு குறை உண்டு. என்னதான் சரியாக அழுத்தினாலும் சில சமயம் ஒரு இமைப்பொழுது தள்ளி வெட்டும். ஓடும்போது கண்ணில் படாத அந்தத் துளி, ஒட்டிய இடத்தில் தங்கிப்போகும். மாஸ்டர் ஒட்டு ஒட்டாக, படம் படமாக நகர்த்தினார். ஒன்றில் சோப்பு நுரை வந்தது. இன்னொன்றில் பைக் சக்கரம், வேறொன்றில் யாருடைய பல்லோ. மணி ஒன்றைத் தாண்டியபோது அறுபத்தோராவது ஒட்டில் அவள் வந்தாள். ஒரு கையை மெத்தைமேல் வைத்து, பேச வாயைத் திறந்திருந்தாள். அதற்குள் தொடர் வந்துவிட்டது.

அதே படத்தில் நிறுத்தி வைத்து அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, மதியச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டுக்குள் வந்தாள். கம்பெனிக்குக் கிளம்பாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

"ஏங்க, அந்த மிச்சத்தையும் வெட்டப் போறீங்களா?"

"ஐயோ, இல்லம்மா. நான் பாக்கவே இல்ல. மூலையில சின்னம் இருக்கா இல்லையான்னு மட்டும்தான் பாப்பேன். சத்தியமா நீ வந்ததே தெரியாது."

"அத்தனை தடவை வந்தேன். ஒரு தடவை கூடவா?"

"ஒரு தடவை கூட."

இவ்வளவு பெரிய தப்பை இவ்வளவு ஆவலாக எந்தக் கணவனும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டான். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்றாள்.

"உங்களுக்கு அசிங்கமா இருக்குன்னு நெனச்சேன். ஊரே பாத்துட்டு வந்து பேசுது, நீங்க வாயே தெறக்கல. அடுத்த விளம்பரத்துக்கும் மொதலாளி கூப்பிட்டாரு. நான் வரலைன்னுட்டேன்."

"இப்பவே போய் வரேன்னு சொல்லு."

"வேற பொண்ணு வந்து நேத்தே எடுத்து முடிச்சாச்சு."

மாஸ்டர் திரும்பித் திரையைப் பார்த்தார். ரிமோட்டைத் தரையில் வைத்தார்.

"அதுல என்ன சொன்ன? வாயைத் தெறக்குறதோட நின்னு போச்சு."

"விடுங்க. நான் சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்குக் கடைல இருக்கணும்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். கோபம் என்று நினைத்து மாஸ்டர் அப்படியே உட்கார்ந்திருந்தார். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு பீரோ திறக்கும் சத்தம்.

"இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

முகம் கழுவி, வேறு சேலை மாற்றி, தலை வாரி, கட்டிலருகே நின்றிருந்தாள். பஞ்சு அமுங்கி நடுவில் குழி விழுந்த பழைய மெத்தை. அதன்மேல் ஒரு கையை வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைக்காரக் குரலில் சொன்னாள்:

"நாள் பூரா நின்னு வேலை பாக்குறவங்க உங்க வீட்டுல இருக்காங்களா? அவங்கள முதல்ல உட்கார வைங்க."

வெட்டு மேசைக்கு நாற்காலி கிடையாது. ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டியதுதான்.

"மொதலாளி எழுதிக் குடுத்தது வேற" என்றாள் அவள். "நீங்க பாப்பீங்கல்லன்னு நானா மாத்திச் சொன்னேன்."

மாஸ்டருக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"இன்னொரு தடவை சொல்லேன்" என்றார்.

"மொதல்ல உக்காருங்க" என்றாள்.