திரையில் வந்த பெண்ணிடம் ஊர் கேட்டது

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் வீடுகளில் கம்ப்யூட்டர் முன்னறையில்தான் இருக்கும். இன்டர்நெட் வருகிற டெலிபோன் வயர் அங்கேதான் சுவரிலிருந்து வரும். லண்டனில், வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். யன்னலோடு ஒரு மேசை, அதில் கம்ப்யூட்டர், அதன் தலையில் தேசிக்காய் அளவில் ஒரு கமரா. மனைவி காலமான பிறகு அந்த வீட்டில் நானும் மகனும்தான்.

கமரா வந்ததும் எங்கள் ஆட்கள் அதை எதற்குப் பாவித்தார்கள் என்றால், பொம்பிளை பார்க்கத்தான். முந்தியென்றால் போட்டோ தபாலில் வரும். யாருடைய போட்டோ, எந்தக் காலத்தில் எடுத்தது என்று தெரியாது. கமராவில் ஆளையே பார்க்கலாம். என் தங்கை மகனுக்கு அப்படித்தான் பார்த்தோம். பெண் ரொறன்ரோவில். பெண்ணின் மாமா கமராவுக்கு முன்னால் குந்தியவர் எழும்பவே இல்லை. பெண்ணை விட அவருடைய மீசையைத்தான் கனநேரம் பார்த்தோம். அந்தக் கலியாணம் நடந்தது, நன்றாகத்தான் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதில்லை.

மகனுக்கு அப்போது முப்பது தாண்டிவிட்டது. கனடாவில் ஒரு சம்பந்தம் வந்திருந்தது. கொண்டுவந்தவன் ஹவுன்ஸ்லோவில் இருக்கும் என் கூட்டாளி. விமான நிலையத்தில் நாங்கள் இரண்டு பேரும் பெட்டி தூக்கிய காலத்துப் பழக்கம். சாதகத்தை ஐயரிடம் கொண்டுபோனதும் அவன்தான். நல்ல பொருத்தம் என்று வந்தது. பெண்வீட்டார் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருந்தார்கள். நான் ஓம் என்றால் அது வாக்கு. பிறகு மாறினால் அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் ஊர் கதைக்கும். மகனைக் கேட்டால் ஓம் என்றும் சொல்லமாட்டான், இல்லை என்றும் சொல்லமாட்டான். கோப்பையைக் கழுவ எழும்பிப் போய்விடுவான்.

சனிக்கிழமை பின்னேரங்களில் அவன் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாருடனோ கதைப்பான். கேட்டதற்கு, ஒரு விசயம் அப்பா என்றான். எங்கள் வீட்டில் கதவு சாத்துகிற பழக்கம் இல்லை. இருந்தாலும் நான் அந்த நேரம் சந்தைக்குப் போய்விடுவேன். வால்தம்ஸ்டோச் சந்தை ஒரு தெருவின் நீளத்துக்குப் போகும். ஒரு நுனியில் வெங்காயம் வாங்கினால் மறு நுனியில் அதையே மலிவாக விற்பான். அந்தச் சனிக்கிழமை மழை. பாதியிலேயே திரும்பிவிட்டேன்.

கதவு கொஞ்சம் திறந்திருந்தது. மகன் காதில் ஹெட்போன் போட்டுக்கொண்டு இருந்தான். திரையில் ஒரு பெண். எங்கள் பெண்தான். சுரிதார், சின்னப் பொட்டு, மூக்குக்கண்ணாடி. முப்பத்தைந்து சொல்லலாம். மகன் ஏதோ சொல்லிச் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்தான். தாய் போன பிறகு அவன் கண்ணைத் துடைத்து நான் பார்த்ததில்லை.

எனக்கு எல்லாம் விளங்கியது போல இருந்தது. தானாக ஒருத்தியைப் பார்த்து வைத்திருக்கிறான், அதுதான் கனடாவுக்கு வாய் திறக்கிறானில்லை. கோபம் வரவில்லை. மேலே போய் நனைந்த சட்டையைக் கழற்றி நல்ல சட்டை ஒன்று போட்டேன். தலை சீவினேன். கீழே வந்து நேரே கமராவுக்கு முன்னால் குனிந்தேன்.

"பிள்ளைக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன்.

அவளுடைய வாய் அசைந்தது, எனக்குச் சத்தம் கேட்கவில்லை. கை கூப்பினாள். மகன் என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். பிறகு ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டான். அவன் கம்ப்யூட்டரை மூடியிருக்கலாம். வயரைத்தான் பிடுங்கினான். சத்தம் அறைக்குள் வந்தது.

"வணக்கம் ஐயா. நான் ஈப்போல பொறந்தவ, மலேசியா. படிக்க வந்து இங்கேயே இருந்துட்டேன்."

மலாயா என்றதும் எனக்குச் சந்தோசம். எங்கள் பக்கத்து ஆட்கள் அந்தக் காலத்தில் ரயில்வே வேலைக்குப் போன இடம். தகப்பன்வழி ரயில்வேயோ என்று கேட்டேன். இல்லை ஐயா, தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் என்றாள். எனக்குள்ளே தராசு ஒரு பக்கம் இறங்கியது. பிறகு, படித்த பிள்ளைதானே, பரவாயில்லை என்று நானே அதை நிமிர்த்தினேன். என்ன வேலை, சகோதரங்கள் எத்தனை பேர் என்று அடுத்ததைக் கேட்க வாயெடுத்தேன்.

"ஐயா, நான் யாருன்னு உங்க மகன் சொன்னாத்தான் சரி. நான் சொல்லக்கூடாது," என்றாள். பிறகு மகனிடம், "நான் இருக்கவா, போகவா? நீங்க சொல்றபடி," என்றாள்.

இருங்கோ என்றான் மகன். கதிரையைத் திருப்பி என் பக்கம் பார்த்தான்.

"அப்பா, அவ கலியாணத்துக்கு இல்லை. மனசு சரியில்லாத ஆக்களோட கதைக்கிறது அவவின்ர வேலை. எனக்குப் பொம்பிளையளில விருப்பமில்லை. ஆம்பிளையளிலதான். சின்ன வயசிலயிருந்து அப்பிடித்தான்."

நான் செற்றிக் கதிரையின் நுனியில் இருந்தேன். அதற்குரிய இங்கிலீசுச் சொல் எனக்குத் தெரியும். வேலையிடத்தில் பெடியள் ஒருவனை ஒருவன் பழிக்கச் சொல்லுகிற சொல். தமிழில் அதை யாரும் இப்படி இருத்தி வைத்து எனக்குச் சொன்னதில்லை. திரையில் இருந்தவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப கனடாவுக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அன்றைக்கு மகன் மெல்ல மெல்லக் கனக்கச் சொன்னான். டொக்டர் முதலில் இதே வேலை செய்கிற ஒரு வெள்ளைக்காரரிடம் அனுப்பினாராம். நல்ல மனிதராம். ஆனால் ஒவ்வொரு முறையும், ஏன் இன்னும் தகப்பனோடு இருக்கிறாய், தனிய வீடு எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்பாராம். என்னை விட்டுப் போவது ஒரு மருந்து என்று அவனுக்கு ஏறவில்லை. போகாமல் விட்டுவிட்டான். பிறகு இவனைப் போன்ற எங்கள் பக்கத்துப் பெடியன் ஒருவன் இவளைச் சொல்லியிருக்கிறான். கம்ப்யூட்டரிலேயே கதைப்பதால் அவனுடைய வேலை ஷிப்டுக்கும் இடைஞ்சல் இல்லை.

"முதல்நாள் என்ன கேட்டவ தெரியுமே?" என்றான். "வீட்டில ஆர் சமைக்கிறது எண்டு. நான்தான், அப்பாவுக்கு உப்புக் குறைச்சுப் போடவேணும் எண்டன். அதிலயே ஒரு மணித்தியாலம் போயிட்டுது."

என் உப்பைப் பற்றி அப்படி என்ன கதை என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அடுத்த நாள் ஹவுன்ஸ்லோக் கூட்டாளிக்கு போன் எடுக்க வேண்டும். எங்கள் ஆட்கள் சம்பந்தத்தை மறுக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சாதகம் பொருந்தவில்லை என்று சொல்வார்கள். பொய் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும், ஆனால் யாருக்கும் வெட்கமில்லை. மகனும் அதையே சொல்லச் சொன்னான். நானும் சரி என்றுதான் போனை எடுத்தேன். எடுத்த பிறகுதான் யோசித்தேன், பொருத்தம் பார்த்து வந்தவனிடமே எப்படி அதைச் சொல்வது? வேறு ஐயரிடம் கேட்டோம் என்றால் அந்தப் பிள்ளையின் சாதகத்தில் பழுது என்று கதை கிளம்பும். எங்கோ பனிக்குள்ளே வேலைக்குப் போகிற பிள்ளை.

"பொம்பிளையில ஒரு பிழையும் இல்லை. சாதகமும் சரி," என்றேன். "இவன் கலியாணம் கட்டமாட்டான். இனி இவனுக்கு ஒண்டும் பாக்காதை."

"வெள்ளைக்காரி ஆரும் பிடிச்சிட்டாளோ?"

"இல்லை."

"பின்னை என்ன? பெடியன்ர உடம்புக்கு ஏதும் வருத்தம் கிருத்தமோ? மறைக்காமல் சொல்லு."

மகன் குசினி வாசலில் நின்றான். போன் சத்தம் பலம், அவனுக்கும் கேட்டிருக்கும். சொல்லட்டோ என்று கண்ணால் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினான்.

"ஒரு வருத்தமும் இல்லை," என்றேன். "நல்ல சுகமாத்தான் இருக்கிறான்."

கூட்டாளிக்கு அந்தப் பதில் போதவில்லை. கனநாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கனடாப் பிள்ளைக்கு அடுத்த வருசமே கலியாணம் ஒப்பேறியது என்று வேறு ஆள் சொல்லி அறிந்தேன்.

அன்றைக்கு நான் போனை வைத்ததும் மகன் மீன் வெட்டப் போனான். நான் டி.வியைப் போட்டேன்.