ரெண்டு தடவை வந்த பேர்

திருப்பதியில் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் ரொம்ப வருஷம் நெட்வொர்க் வேலை பார்த்தேன். அதில் ஒரு வெள்ளிக்கிழமையை, இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

காலை பத்தரைக்கு பிளேஸ்மென்ட் ஆபீசர் போன் செய்தார். சென்னைக் கம்பெனி ஒன்று எங்கள் மாணவர்கள் முப்பது பேருக்கு இன்டர்வியூ மெயில் அனுப்பியிருக்கிறது. ஒன்றுகூட வந்து சேரவில்லை. மெயிலில் இருக்கும் லிங்க்கில் மாலை நாலு மணிக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் இன்டர்வியூ கிடையாது. வேறு ஐடிக்கு அனுப்பவும் வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

முந்தின நாள்தான் மெயில் சர்வரைப் புது லைனுக்கு மாற்றி, அதன் விவரத்தை டிஎன்எஸ்ஸில் நானே திருத்தியிருந்தேன். பேரைக் கேட்டால் சர்வரின் நம்பரைச் சொல்கிற டைரக்டரிதான் டிஎன்எஸ்.

நம்பரைப் போட்டு பிங் அடித்தேன், பதில் வந்தது. மெயில் உள்ளே வருகிற வழியான போர்ட் இருபத்தைந்தும் திறந்திருந்தது. சிஸ்டம் மேனேஜர் பாஸ்கர் சாரிடம், "நம்ம பக்கம் எல்லாம் கரெக்டா இருக்கு சார்" என்றேன்.

"கரெக்டா இருந்தா மெயில் எங்கேம்மா?" என்றார் அவர். சித்தூர்க்காரர், குரலை உயர்த்தவே மாட்டார்.

ஃபயர்வாலை மேய்ந்ததில் ஒன்றரை மணி நேரம் போனது. கார்வேட்டிநகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிற ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். "மேடம், நைனாகிட்ட இன்டர்வியூ வந்துருக்குன்னு சொல்லிட்டேன். வந்துடும் இல்ல?"

"வரும்மா" என்றேன். எப்படி வரும் என்று எனக்கே தெரியாது.

அப்போதுதான் டைப்பிஸ்ட் சுலோச்சனா அக்கா ஒரு பேப்பரோடு வந்தார். போய்ச் சேராமல் தங்களுக்கே திரும்பி வந்த மெயிலைக் கம்பெனிக்காரர்கள் பிளேஸ்மென்ட் ஆபீசின் ஜிமெயிலுக்கு அனுப்பியிருந்தார்கள். அதைப் பிரிண்ட் எடுத்திருந்தார்.

"ஏம்மா, இதுல நம்ம காலேஜ் பேரு ரெண்டு தபா வந்துக்கினு இருக்கே? ஹால் டிக்கெட்ல இப்டி வந்தா நான் திருப்பி அனுப்பிடுவேன்."

பார்த்தேன். சர்வர் பேர், காலேஜ் பேர், அதோடு ஒட்டி மறுபடியும் காலேஜ் பேர். அப்படி ஒரு சர்வரே இல்லை என்று கம்பெனி சர்வர் சொல்லியிருந்தது.

முந்தின நாள் திருத்திய டிஎன்எஸ் ஃபைலைத் திறந்தேன். பேரின் கடைசியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். விட்டால், பேர் முடியவில்லை என்று நினைத்து டிஎன்எஸ் காலேஜ் பேரை இன்னொரு முறை ஒட்டிவிடும். புள்ளியை விட்டிருந்தேன். நம்பரை வைத்தே சோதித்ததால் என் கண்ணில் படவில்லை.

புள்ளியை வைத்து, ஃபைல் மாறியிருப்பதைக் காட்டும் சீரியல் நம்பரைக் கூட்டி ரீலோட் செய்தேன். ஆனால் ஏற்கெனவே கேட்டு வாங்கிய தப்பான பேரைக் கம்பெனி பக்கம் ஒரு நாள் நினைவில் வைத்திருக்கும். நாலு மணி வரைதான் நேரம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

பாஸ்கர் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தப்பான பேராவே இருக்கட்டும். அந்தப் பேருக்கும் நம்ம சர்வர் நம்பரையே குடுத்துடு. அதைத் தேடினாலும் நம்மகிட்டதான் வந்து சேரும்."

அப்படியே செய்தேன். அப்படி ஒரு பேர் இல்லை என்ற பழைய பதில் மறைவதற்காக அரை மணி நேரம் விட்டு, கம்பெனியை மறுபடி அனுப்பச் சொன்னோம். இரண்டே காலுக்கு முதல் மெயில் விழுந்தது. பிறகு வரிசையாக எல்லாம். மறுபடி வாசலில் வந்து நின்றிருந்த அந்தப் பெண் செல்போனைப் பார்த்து, "வந்துடுச்சி மேடம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஓடினாள்.

சாயங்காலம் பிரின்சிபால் கூப்பிட்டு, யார் தப்பு என்று கேட்டார்.

"மாதே சார், எங்களுதுதான்" என்று தெலுங்கிலும் தமிழிலுமாகச் சொன்னார் பாஸ்கர் சார். "மாத்தினதை நான் பார்க்காம விட்டுட்டேன்."

"புள்ளியை விட்டது நான் சார்" என்றேன்.

"இனிமே ரெண்டு பேரும் பாருங்க" என்று முடித்துக்கொண்டார் அவர்.

அன்று என் வேலை போயிருக்கலாம். போகாமல் காத்தவர்கள் பாஸ்கர் சாரும் சுலோச்சனா அக்காவும். அக்காவுக்கு டிஎன்எஸ் தெரியாது. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தார், அவ்வளவுதான். எனக்கு அது அன்று வாய்க்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். எதை மாற்றினாலும் வெளி நெட்வொர்க்கிலிருந்து, பேரை வைத்தே சோதியுங்கள். ஆபீசில் யாராவது பேப்பரோடு வந்து நின்றால், கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அதை வாங்கிப் பாருங்கள்.